புதுப் புளி: பார்த்து வாங்குவதும் ஜாடியில் வைப்பதும்

போர்ட் ஒயின்ல நல்ல விளைச்சல் வருஷத்தை மட்டும் 'வின்டேஜ்'னு அறிவிப்பாங்க. அதை இளசா இருக்கும்போதே வாங்கி, 20 வருஷம்கூட நிலவறையில் வைக்கிறவங்க உண்டு. நம்ம பண்பொழிப் பக்கம் அந்த வேலையைப் புளிக்குச் செய்றோம். திராட்சையிலும் புளியிலும் இருக்கிற முக்கிய அமிலம் ஒண்ணுதான், டார்டாரிக் அமிலம்.

மாசி, பங்குனியில புதுப் புளி வந்துடும். விலைக்கு முன்னாடி, கொட்டை எடுத்ததான்னு கேளுங்க. தோடு மட்டும் உடைச்ச புளியோட எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல கொட்டைதான். கொட்டைப் புளி கிலோ 100 ரூபாய்னு வச்சுக்கோங்க. கொட்டை எடுத்தது 150க்குக் கிடைச்சா அதுதான் மலிவு. தட்டுற வேலையும் மிச்சம்.

அடுத்து, விரலால அமுக்கிப் பாருங்க. ஒட்டணும், ஆனா நசநசன்னு இருக்கக் கூடாது. ஈரம் இருந்தா தண்ணிக்கும் சேர்த்துக் காசு குடுக்கிறோம், பூஞ்சையும் பிடிக்கும். நிறம் செம்பழுப்பா இருக்கட்டும். கறுத்த புளியை 'பழசு, ருசி ஜாஸ்தி'ன்னு விலை ஏத்திச் சொன்னா நான் வாங்க மாட்டேன். பக்குவமா வச்சுக் கறுத்ததா, சரியா வைக்காமக் கறுத்ததான்னு கடையில நின்னு சொல்றது கஷ்டம்.

வீட்டுல நார் எடுத்து, சித்திரை வெயில்ல நல்லாக் காய வச்சு, கல் உப்பு தூவி அடுக்கடுக்கா ஜாடியில் அழுத்தணும். நம்மூர்ல இதுக்கு ஒரு டெட்லைன் இருக்கு. ஜூன்ல குற்றாலச் சாரல் ஆரம்பிச்சா காத்துலயே ஈரம். அதுக்குள்ள ஜாடிக்கு வேடு கட்டிடுங்க. ரசத்துக்குப் புதுசே போதும். வத்தக்குழம்புக்கு அடுத்த வருஷம் இந்த ஜாடியைத் திறக்கலாம்.