பெயரை மதிக்கும் பெரிய எழுத்து



தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. 'மலர்' என்றால் பூவா, பெண்ணின் பெயரா என்பதை வாக்கியத்தை வைத்துத்தான் புரிஞ்சுக்கிறோம். ஆங்கிலத்தில் அதை முதல் எழுத்தே சொல்லிவிடும். வாக்கியத்தின் நடுவில் 'ரோஸ்' என்ற சொல் சின்ன எழுத்தில் தொடங்கினால் பூ. கேப்பிட்டல் எழுத்தில் தொடங்கினால் ஒருவரின் பெயர்.

போனில் ஆங்கிலத்தில் மனு எழுதுறீங்களா? ஆள், ஊர், ஆறு, மொழி, கிழமை, மாதம் ஆகியவற்றின் பெயர்களை எங்கே வந்தாலும் கேப்பிட்டலில் தொடங்குங்க. 'எங்கள் மாவட்டம்' என்று பொதுவாகச் சொன்னால் 'டிஸ்ட்ரிக்ட்' சின்ன எழுத்து. 'மதுரை டிஸ்ட்ரிக்ட்' என்றால் அது பெயரின் பகுதி. இரண்டு சொல்லுக்குமே கேப்பிட்டல். போன் கீபோர்டு வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிசாக்கும். நடுவில் வரும் உங்க ஊர்ப் பெயரை விட்டுவிடலாம். அதை நீங்கதான் பார்க்கணும்.

மனு முழுவதையும் கேப்பிட்டலில் அடிக்காதீங்க; படிக்கிறவருக்குக் கண் வலிக்கும். விண்ணப்பத்தில் 'பிளாக் லெட்டர்ஸ்' என்று கேட்டிருந்தால் மட்டும் எல்லா எழுத்தையும் பெரிசாக எழுதுங்க.

சில இடங்களில் இன்னும் கவனம் வேணும். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் மொத்தம் 11 இடங்கள். ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம். அதைக் கேப்பிட்டல் 'ஓ' என்று நினைத்து அடித்தால் குறியீடு தப்பாகிவிடும். உங்க கணக்குக்கு வரவேண்டிய உதவித்தொகை தாமதமாகலாம்.

பெயரில் கேப்பிட்டலைவிட ஸ்பெல்லிங்கும் இனிஷியலும் முக்கியம். இனிஷியல் எப்போதும் கேப்பிட்டல்தான். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு இனிஷியல் மட்டும் போதாது. அதை விரித்து முழுப்பெயராக எழுதணும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி ஸ்பெல்லிங் இருந்தால், பிள்ளைக்குப் பின்னாளில் அலைச்சல்தான்.

அதனால, 'சப்மிட்' பட்டனை அழுத்தும் முன் பழைய சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு நிமிஷ வேலை. பல நாள் அலைச்சல் மிச்சம்.