சுவரில் நடந்த ஆராய்ச்சி

கலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி என்றால் என்ன, அங்கே படம்தானே வரைவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு சுவரைத்தான் காட்டுவேன். மேற்கு வங்காளத்தின் சாந்திநிகேதனில், விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் இந்தி பவனத்தில் அது இருக்கிறது.

அங்கே கலாபவனம் என்ற கலைப் பள்ளியைத் தாகூர் தொடங்கியது 1919-இல். அதை வழிநடத்திய நந்தலால் போஸ், சுவரோவிய நுட்பம் அறிந்த பரம்பரைக் கைவினைஞர் ஒருவரை ஜெய்ப்பூரிலிருந்து வரவழைத்தார். ஓவிய ஆசிரியர்களும் மாணவர்களும் சுண்ணாம்பு குழைக்கக் கற்றார்கள். பல்கலைக்கழகத்தில் நடக்க வேண்டிய படிப்பு இதுதான் என்பேன்.

அந்தப் பட்டறையில் வளர்ந்தவர் பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை; மறு கண்ணில் கிட்டப்பார்வை. 1946, 47-இல் இந்தி பவனச் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வை அவர் தீட்டினார். நம் இராமானுசர் இருக்கிறார். கபீர், சூர்தாஸ், துளசிதாசரும் இருக்கிறார்கள்.

அவர் எடுத்துக்கொண்டது ஈரப்பூச்சு ஓவிய முறை. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். பூச்சு காற்றைக் குடித்து இறுகும்போது வண்ணமும் அதோடு சேர்ந்து கல்லாகிவிடும். காய்ந்த பிறகு திருத்த வழியில்லை. பிழை என்றால் அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். ஆகவே அன்றன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பூசுவார்கள். இப்படிப்பட்ட வேலையை, சுவரளவு மாதிரிப்படம் ஏதும் இல்லாமல், நேரே சுவரில் செய்தார் பினோத் பிஹாரி. முழுச் சுவரையும் ஒரே பார்வையில் தெளிவாகக் காண முடியாத ஒருவர், இத்தனை பெரிய கூட்டத்தை எப்படி ஒழுங்குபடுத்தினார்? விடை சுவரிலேயே இருக்கிறது: உருவத்தை அடுத்து உருவம், ஆற்றோட்டம் மாதிரி நகர்ந்துகொண்டே போகிறது. நின்று பார்த்தால் போதாது, நடந்தபடி பார்க்க வேண்டும். அந்தக் கேள்விக்கு எந்த ஏட்டிலும் இவ்வளவு தெளிவான விடை எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சுவரில் அவருக்கு உதவிய மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளில் சேரத் தடை வந்தது. 1944-இல் சாந்திநிகேதன் போனார். பின்னாளில் பரோடாவில் ஆசிரியரானார். லக்னோவின் ரவீந்திராலயத்துக்குச் சுட்ட மண்ணால் ஒரு பெரிய சுவரோவியம் அமைத்தார். 2009-இல், 85 வயதில், கலாபவனக் கட்டடம் ஒன்றின் புறச்சுவர்களில் கறுப்பு வெள்ளையில் தாம் முன்பு தீட்டியிருந்ததன் மேல் புதிதாக மறுபடி வரைந்தார். பழையதைப் பழுதுபார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் அவருக்கு அது முடிந்துபோன விடையல்ல. மீண்டும் கேட்க வேண்டிய கேள்வி.

பினோத் பிஹாரிக்கு 1950-களில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பார்வை முற்றிலும் போனது. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. காகிதத்தைக் கத்தரித்து விரலால் தடவி ஒட்டினார். 1972-இல் கலாபவனச் சுவர் ஒன்றுக்கு ஓடுகளால் ஒரு சித்திரம் செய்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். சாந்திநிகேதன் போகிறவர்கள் அந்த ஆவணப்படத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு அவருடைய இந்த இரண்டு சுவர்களையும் பாருங்கள். இந்தி பவனத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள்.