குதிரையும் சேவலும் மரங்கொத்தியும்



பழைய துப்பாக்கியின் ஓர் உறுப்பிலிருந்து தொடங்குகிறேன். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியபடி பின்னால் சாய்ந்து நிற்கும் இரும்புக் கொக்கி அது. விசையை இழுத்ததும் முன்னால் பாய்ந்து எஃகுத் தகட்டில் மோதும். தெறிக்கும் பொறி கிண்ணத்து மருந்தில் பற்றும், குண்டு புறப்படும். அந்தக் கொக்கிக்குத் தமிழில் குதிரை என்று பெயர். இந்திக்காரர்களும் கோடா, அதாவது குதிரை என்றே சொல்கிறார்கள். வீணையில் தந்திகளைத் தாங்கும் துண்டையும் நாம் குதிரை என்றுதானே அழைக்கிறோம்!

ஆங்கிலேயருக்கு இதே கொக்கி சேவல். டச்சுக்காரர்களுக்கும் சேவல்தான். தலையைப் பின்னிழுத்துச் சட்டென்று கொத்தும் அசைவைக் கண்டு அவர்கள் துப்பாக்கி முழுவதையுமே ‘ஸ்னாப்ஹான்’, கொத்தும் சேவல், என்றார்கள். அந்தச் சொல் மலேசியப் பக்கம் வந்து மலாய் நாவில் ‘செனாப்பாங்’ ஆயிற்று. நம் பிள்ளைகள் பள்ளியில் எழுதும் செனாப்பாங்குக்குள் இருப்பது டச்சுச் சேவல்.

மலாய்க்காரர்கள் துப்பாக்கியின் பெயரை வாங்கிக்கொண்டாலும், சுடும் பகுதிக்குத் தங்கள் பறவையையே பெயராக வைத்தார்கள். ‘பெலாத்தோக்’ என்றால் மரங்கொத்தி. மரத்தில் அது அலகால் கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். இப்படிப்பட்ட பெயர்களைச் சூட்டியவர்கள் ஆயுதத்தைக் கையாண்ட சிப்பாய்களும் பழுதுபார்த்த கொல்லர்களும்தான் என்பது என் துணிபு.

பீரங்கியின் கதை சிறியது. ஐரோப்பியரைக் குறித்த ‘பிராங்க்’ என்ற இனப்பெயர் பாரசீகம் வழியாக வந்து தமிழில் பறங்கி என்று ஆளைக் குறித்தது. பீரங்கி என்று அவர்களுடைய ஆயுதத்தையும் குறித்தது. மலாயிலோ அது மனிதரோடும் ஊரோடும் நின்றுவிட்டது. பினாங்கின் பத்து பெரிங்கி அதற்குச் சான்று. பீரங்கிக்கு மலாயில் மெரியம் என்று பெயர். நோன்புப் பெருநாளில் கம்பத்துப் பிள்ளைகள் வெடிக்கும் மூங்கில் பீரங்கிக்கும் மெரியம் பூலோ என்றே பெயர்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் மருந்து. தீபாவளி வெடியைப் பிரித்துக் கொட்டும் கரும்பொடியை ஏன் மருந்து என்கிறோம்? சீனர்களும் அதை நெருப்பு மருந்து என்றே சொல்கிறார்கள். மலாயில் ‘உபாட் பெடில்’. உபாட் என்றாலும் மருந்துதான். ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனத்தில் சாகாமருந்து தேடிய இரசவாதிகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் தேனோடு சேர்த்துச் சூடாக்கிக் கையையும் தாடியையும் பொசுக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம் என்று அளவு நிலைத்த பொடிக்கு அந்தத் தேடலின் பெயரே ஒட்டிக்கொண்டது. உயிர் காக்கத் தேடியது உயிர் வாங்கும் பொருளாக முடிந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது.

இனி பெடில். துப்பாக்கி, பீரங்கி அனைத்துக்கும் பழைய மலாயில் பொதுப்பெயர் அது. வெடி, வெடில், வெடியுப்பு என்னும் நம் சொற்களிலிருந்து அது பிறந்தது என்று மொழியறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல் கடல் கடந்ததில் வியப்பில்லை: 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே சோழமண்டலக் கரைத் துணி வணிகர்கள் அங்கே பெருங்கூட்டமாக வாழ்ந்தவர்கள். ரப்பர்த் தோட்டத்தில்தான் மலேசியாவில் நம் வரலாறு தொடங்கியது என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சொல்லைக் காட்டினால் போதும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: கிள்ளானில் ராஜா மஹாடி கோட்டை வாயிலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, 1867 முதல் 1874 வரை அவரைப் போன்ற மலாய்த் தலைவர்கள் மோதிக்கொண்ட சிலாங்கூர்ப் போரோடு பெடிலின் கதையையும் சொல்லுங்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து தோட்டங்களைக் காத்த தமிழர்கள் உண்டு. படையிலும் போலீசிலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். துப்பாக்கி உறுப்புகளுக்கும் வார்ப்பட்டைக்கும் தோட்டாப் பைக்கும் அவர்கள் வழங்கிய பெயர்களைக் கேட்டு எழுதி இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாரிடம் கொடுங்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.