தம் பெயரைத் தாமே வாசித்தவர்

1973 யூன் மாதத்தில் வாஷிங்டனிலிருந்து ஒரு பட்டியலை நேரடியாக வாசித்துக்கொண்டிருந்தார், சி.பி.எஸ். தொலைக்காட்சியின் அரசியற் செய்தியாளர் டானியல் ஷோர். சனாதிபதி நிக்சனின் மாளிகையார் பகைவரெனக் குறித்துவைத்த 20 பேரின் பட்டியல் அது. முன்னரே படித்துப்பார்க்க அவகாசமில்லை. 17 ஆவதாக நின்றது அவருடைய பெயரே! திகைப்பை விழுங்கிக்கொண்டு அடுத்த பெயருக்குச் சென்றார்.

அதிகாரத்தின் சினம் அவருக்குப் புதிதன்று. 1957 இல் மொஸ்கோவிலே குருஷேவைத் தொலைக்காட்சிக்காகப் பேட்டி கண்டோருள் அவரும் ஒருவர். அவ்வாண்டின் இறுதியிலேயே சோவியத் நாடு அவருக்குக் கதவடைத்தது.

மெய்யான சோதனை 1976 இல் வந்தது. உளவுத்துறை பற்றிய குழுவறிக்கையொன்றை வெளியிடலாகாதெனப் பிரதிநிதிகள் சபை தீர்மானித்திருந்தது. தம் கைக்கு எட்டிய பிரதியை ஷோர் ஒரு பத்திரிகைக்கு அளித்தார். ஐயம் முதலிற் சக செய்தியாளர் ஒருவர்மேல் விழ இடங்கொடுத்தார் என்ற குறை அவர்மீதுண்டு. அது சிறு குறையன்று. நிறுவனம் அவரைப் பணியினின்று விலக்கிவைத்தது. சபையின் ஒழுக்கக் குழுவோ, தந்தவர் யாரெனக் கேட்டது. சிறை கண்முன் தோன்றியும் அவர் வாய் திறக்கவில்லை. குழுவும் தண்டியாது விட்டது. சி.பி.எஸ். பதவியைத் துறந்தார்.

பின்னர்ச் சி.என்.என்., அதன்பின் அமெரிக்கத் தேசிய பொது வானொலி. 2010 இல் 93 ஆம் வயதிற் காலமாகும்வரை அப்பெயரை அவர் வெளியிடவேயில்லை.