தானே நிற்கும் வண்டியும் சிறுமலை ஏற்றமும்



உழவுக்கு மாடு வாங்கச் செல்பவர் சுழி பார்ப்பார். பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பார். நடக்கவிட்டு நடையைப் பார்ப்பார். முடிந்தால் ஏரில் பூட்டி ஒரு சால் ஓட்டியும் பார்ப்பார். அதன் பிறகே துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார். மாட்டைக் காட்டிலும் அதிக விலை கொடுத்து வண்டி வாங்கும் நாமோ, நிறத்தைப் பார்க்கிறோம், விளம்பரத்தைப் பார்க்கிறோம், கடை வாசலிலிருந்து தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். அண்மையில் எனக்கென ஒரு மின்சார வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அப்போது ஓட்டிப் பார்த்தவற்றையும் எண்ணிப் பார்த்தவற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் திண்டுக்கல்லில் வசிப்பவன். சிறுமலையில் எனக்கு இரண்டு ஏக்கர்த் தோட்டம் உண்டு. என் தந்தையார் வைத்த எலுமிச்சையும் மிளகும் காப்பியும் கொஞ்சம் மலைவாழையும் அங்கே இருக்கின்றன. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டதென்றும், உதைத்துக் கிளப்பும் பழைய மோட்டார் சைக்கிளை இனித் தொடக்கூடாதென்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். பேருந்து உண்டு, ஆனால் அதன் நேரம் அதற்கு, என் வேலை நேரம் எனக்கு. "தோட்டத்தை விற்றுவிடலாமே" என்று வீட்டில் மெல்லப் பேச்சு எழுந்தது. ஆகவே நான் தேடியது வண்டியை மட்டும் அன்று. அந்த இரண்டு ஏக்கரை என் கையிலேயே வைத்துக்கொள்ள ஒரு வழியையும் தேடினேன்.

முதலில் என் மனத்தைக் கவர்ந்தது தானே நிற்கும் வண்டி. நீங்களும் பார்த்திருக்கலாம். இரு பக்கமும் இரண்டு சக்கரங்கள். நடுவே நிற்க ஒரு பலகை. பிடித்துக்கொள்ள ஒரு தண்டு. அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 2001 டிசம்பரில் 'செக்வே' என்ற பெயரில் இதனை உலகுக்குக் காட்டினார். நகரங்களின் அமைப்பையே இது மாற்றிவிடும் என்று அன்று பலர் ஆரூடம் கூறினர். அவ்வாறு நிகழவில்லை, 2020-ல் அந்த வண்டியின் உற்பத்தி நின்றது. ஆயினும் அதன் தத்துவத்தில் அமைந்த சிறு வண்டிகள் இன்றும் உலவுகின்றன. சுற்றுலா இடங்களில் சில நிமிடங்களுக்கு வாடகைக்குக் கிடைப்பதும் உண்டு.

அதன் தத்துவம் சிறு பிள்ளைகளும் அறிந்ததே. உள்ளங்கையில் ஒரு கோலை நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். கோல் முன்னே சாய்ந்தால் கையை முன்னே கொண்டுபோவீர்கள். பின்னே சாய்ந்தால் பின்னே இழுப்பீர்கள். விழப்போகும் கோலின் அடிக்குக் கை ஓடிக்கொண்டே இருக்கும்வரை கோல் விழாது. இந்த வண்டியில் கோலின் இடத்தில் நாம் நிற்கிறோம். கையின் வேலையைச் சக்கரம் செய்கிறது. நம் சாய்வை உணரும் கருவிகள் நொடிக்கு நூறு முறை கணக்கெடுத்து மோட்டாருக்குச் செய்தி அனுப்புகின்றன. முன்னே சாய்ந்தால் வண்டி ஓடும். பின்னே சாய்ந்தால் வேகம் தணிந்து நிற்கும்.

ஒரு சுற்றுலாத் திடலில் அதில் ஏறிப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் கால் நடுங்கியது; பிறகு உடம்பே கற்றுக்கொண்டது. முழங்காலுக்கு உதை இல்லை. மாற்ற வேண்டிய கியர் இல்லை. நினைத்த பக்கம் திரும்பியது. 'இதுவல்லவோ வண்டி!' என்று தோன்றியது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் ஓரிடத்தில் அசையாமல் நின்றபோதும், காலடியில் சக்கரங்கள் இம்மியளவு முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருந்தன. மற்ற வண்டிகளுக்கு ஓடுவதற்குத்தான் சக்தி வேண்டும். இந்த வண்டிக்கோ நிற்பதற்கும் சக்தி வேண்டும்.

இதனைச் சிறுமலையில் எனக்குப் பழக்கமான குதிரைக்காரப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். அந்த மலைத் தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரை முதுகில்தான் சாலைக்கு வருகின்றன என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, தீனி தீர்ந்தால் குதிரை நின்றுவிடும். உங்கள் வண்டி நிற்குமா, விழுமா?"

எந்த விற்பனையாளரும் எனக்கு எடுத்துச் சொல்லாத சோதனையை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். சமதளத்தில் இந்த வண்டி சாதுவானது. செங்குத்தான ஏற்றத்தில் மோட்டாரின் முழு வலிமையும் மேலே ஏற்றுவதற்கே செலவாகிவிட்டால், சாயும் உடம்பின் அடிக்கு ஓடிவந்து தாங்க மிச்ச வலிமை இராது. ஏறியவர் முன்னே விழுவார். மின்கலம் வற்றும் தறுவாயிலும் அதே அபாயம்தான். இது வெறும் கற்பனை அன்று. 2003-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 6,000 செக்வே வண்டிகளை இதே காரணத்துக்காகத் திரும்பப் பெற்றுச் சீர்செய்தார்கள். மின்சாரம் தீரும் நேரத்தில் திடீரென வேகம் கூட்டினாலோ ஒரு தடையில் ஏறினாலோ வண்டி தன்னை நிறுத்திக்கொள்ள முடியாமல் ஆளைத் தள்ளிவிடக்கூடும் என்று கண்டதே அதன் காரணம்.

இறக்கத்தில் இருக்கும் சிக்கல் இன்னும் விந்தையானது. மலையிலிருந்து இறங்கும்போது மோட்டாரே தடுப்பானாக மாறுகிறது. சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மின்சாரம் பிறந்து மின்கலத்துக்குள் திரும்புகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மின்கலம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால்? நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்ப்பது எங்ஙனம்? மலைமேல் இருப்பவர் இரவெல்லாம் மின்னேற்றிவிட்டு விடிந்ததும் இறங்கினால், வண்டியின் தடுப்பு வேலை செய்ய இடமில்லாமல் போகிறது. சாதாரண வண்டியில் இதற்கு மாற்றாகக் கைத் தடுப்பு உண்டு. தானே நிற்கும் வண்டியிலோ தடுப்பதும் நிமிர்ந்து நிற்பதும் ஒரே வேலை; ஒன்று போனால் மற்றதும் போயிற்று. 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சிறுமலைச் சாலைக்கு இது தகாது என்று, அந்தத் திடலில் கிடைத்த இன்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, முடிவு செய்தேன்.

இந்தத் தத்துவம் வளராமல் நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2023 சனவரியில் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்த வாகனக் கண்காட்சியில், மும்பையைச் சேர்ந்த லைகர் நிறுவனத்தார் தானே நிமிர்ந்து நிற்கும் மின்சார ஸ்கூட்டரைக் காட்சிக்கு வைத்தார்கள். அது வழக்கமான ஸ்கூட்டரைப் போல முன்னும் பின்னுமாக இரு சக்கரம் கொண்டது. மெதுவாகச் செல்லும்போதும் நிற்கும்போதும் காலை ஊன்றாமலே நிலைகொள்ளுமாறு அமைக்கப்பட்டது. முழங்கால் நோவுள்ள என் போன்றவர்களுக்கு அது நம்பிக்கை அளிக்கும் செய்தியே. ஆனால் கண்காட்சியில் கண்ட வண்டியில் ஏறி நாளைக்குத் தோட்டத்துக்குப் போக முடியாதல்லவா? கைக்கு எட்டுகின்ற வண்டிகளையே நான் நாட வேண்டியிருந்தது.

அடுத்து நான் ஓட்டிப் பார்த்தது குறைந்த வலிமையுள்ள சிறு மின்சார ஸ்கூட்டர். நம் நாட்டு விதிப்படி, மோட்டாரின் வலிமை 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, எடையும் குறைவாக உள்ள மின்சார வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதற்குப் பதிவும் வேண்டாம்; ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். விலையும் குறைவு. "பெரியவர்களுக்கு ஏற்றது, ஐயா" என்றார் கடைக்காரர். மணிக்கூண்டுப் பக்கம் சுற்றிவருவதற்கு உண்மையிலேயே ஏற்றதுதான். ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நானும் வண்டியும் ஒரு சிறு மூட்டையும் சேர்ந்து 135 கிலோ என்று கொள்வோம். பத்தடி சென்றால் ஓரடி உயரும் சரிவில் அந்த எடையை 250 வாட்டைக் கொண்டு ஏற்றினால், உராய்வு முதலிய இழப்புகளைக் கணக்கில் சேர்க்காமலே, மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் குறைவாகவே செல்ல முடியும். அது வேகமாக நடப்பவனின் வேகம். மலையடிவாரத்துக்கு அருகே ஒரு சிறு மேட்டில் ஏற்றிப் பார்த்தேன், கணக்கு பொய்க்கவில்லை. பாதி மேட்டிலேயே மோட்டார் முனகத் தொடங்கியது. அந்த நிலையில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கெடும்.

மூன்றாவதாகப் பார்த்தது முழு வலிமையுள்ள மின்சார ஸ்கூட்டர். இவ்வகை வண்டிகள் இன்று நம் மாநிலத்திலேயே ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் பெருமளவில் செய்யப்படுகின்றன. நான் பார்த்த வண்டியின் மின்கலம் மூன்று யூனிட் மின்சாரம் கொள்ளும். கடைக்காரரிடம் ஒரு நிபந்தனை வைத்தேன்: "தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பது போதாது. என் சாலையில், என் சுமையோடு, மேலே போய்த் திரும்பி வர வேண்டும்." முதலில் தயங்கினார். பிறகு தம் கடை இளைஞர் ஒருவரை வேறு வண்டியில் உடன் அனுப்பினார்.

கால்மாட்டில் இருபத்தைந்து கிலோப் புண்ணாக்கு மூட்டையை வைத்துக்கொண்டு புறப்பட்டேன். முதல் சோதனை புறப்படும் முன்னரே முடிந்தது. இருக்கையில் அமர்ந்தபடி இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிகின்றனவா என்று பார்த்தேன், பதிந்தன. இரண்டாவது சோதனை ஏற்றத்தில். பாதை அகன்று, முன்னும் பின்னும் பார்வை தெரியும் ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மீண்டும் கிளப்பினேன். பின்னே உருளாமல் கிளம்பியது. ஓடும் வண்டி ஏறுவது பெரிதன்று. நின்ற வண்டி ஏற வேண்டும். எதிரே பேருந்து வந்தால் நின்றுதானே ஆக வேண்டும்! மூன்றாவது சோதனை வளைவில். சத்தமில்லாத வண்டி வருவதை மனிதரும் அறியார், காட்டுமாடும் அறியாது. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பானை அழுத்தும் கை, தடுப்பை விடாமல் இருக்க வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

நான்காவது சோதனை கணக்கில். 180 கிலோ எடையை நூறு மீட்டர் உயரம் தூக்க, ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வேண்டும். இழப்புகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். சமவெளியில் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரம் சொல்லும் எண் மலைக்குப் பொருந்தாது என்பது இதனாலேயே. திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர் சென்று மேலே சேர்ந்தபோது, நூற்றுக்கு நாற்பது பங்கு மின்சாரம் செலவாகியிருந்தது. இறங்கி வீடு சேர்ந்தபோது மேலும் பன்னிரண்டு பங்குதான் குறைந்தது. போகும்போது கொடுத்ததில் கொஞ்சத்தை மலை வரும்போது திருப்பிக் கொடுத்துவிட்டது.

மேலே குதிரைக்காரப் பெரியவரைக் கண்டேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். இருக்கையை அழுத்திப் பார்த்தார். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். "இது தீனி தீர்ந்தால்?" என்றார். "நின்றுவிடும், பெரியவரே. பக்கத்துக் காலை ஊன்றிவிட்டு நிழலில் உட்காரலாம்" என்றேன். "அப்படியானால் சரி" என்று சொல்லிவிட்டு, என் மூட்டையைத் தம் குதிரைமேல் ஏற்றினார். சாலையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதையில் எந்த மின்சார வண்டியும் இன்னும் குதிரைக்கு ஈடாகவில்லை.

அந்த வண்டியையே வாங்கினேன். தோட்டம் விற்கும் பேச்சும் அத்துடன் நின்றது. தானே நிற்கும் வண்டி தாழ்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பெரிய தொழிற்சாலையின் சிமெண்டுத் தளத்திலும், பூங்காவின் சமமான பாதையிலும், நெடுநேரம் நடந்து காவல் புரிவோருக்கு அது நல்ல துணை. ஒவ்வொரு வண்டிக்கும் அதற்குரிய நிலம் உண்டு. குறிஞ்சிக்கு வேண்டியது மருதத்தில் வீண். மருதத்தில் சிறந்தது குறிஞ்சியில் ஆபத்து.

வண்டி வாங்க எண்ணும் நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வழியில் மிகக் கடினமான இடம் எது என்று முதலில் எண்ணுங்கள். வழக்கமாகக் கொண்டுபோகும் சுமையோடு வண்டியை அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள். அது ஓடும்போது எப்படி ஓடுகிறது என்பதை விற்பவரே சொல்லிவிடுவார். வலிமை குன்றும்போது அது உங்களை எப்படி நடத்தும் என்பதை நீங்கள்தாம் கேட்க வேண்டும்.