லேபிள் கலர் ஏன் மாறுது?

(ஒடுகத்தூரில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் களப் பொறுப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை பற்றி பொருளாளர் அக்கா பேசிட்டாங்க. நான் பேசப்போறது கலரைப் பற்றி. "கலரைப் பற்றி என்னம்மா பேச இருக்கு, இது என்ன புடவைக் கடையா?" என்று கேட்பீங்க. சாமை, தேன், புளி என்று பாக்கெட் போட்டு விற்கிற குழுக்கள் நம்மகிட்ட இருக்கு. அந்தப் பாக்கெட் மேல ஒட்டுற லேபிளுக்குப் போகிறது குழுப் பணம். அதனாலதான் பேசறேன்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்றேன், குழுப் பெயர் வேண்டாம். பன்னிரண்டாவது முடித்த ஒரு உறுப்பினர் மகள் தேன் பாட்டிலுக்கு செல்போனிலேயே லேபிள் வரைந்து கொடுத்தாள். செல்லில் பார்த்தால் பச்சை, நாற்றங்கால் மாதிரி பளிச்சென்று இருந்தது. 2,000 லேபிள் அச்சாகி வந்தது. பச்சை, வாடின இலை மாதிரி. நீலமாக வரைந்த மலை கத்திரிப்பூ கலரில் இருக்கு. ஒரு அக்கா, "அச்சகத்துக்காரர் மட்டமான மை போட்டு ஏமாத்திட்டார்" என்றாங்க. இன்னொருத்தர், "சின்னப் பொண்ணு கையில கொடுத்தா இப்படித்தான்" என்றாங்க. அந்தப் பொண்ணு இரண்டு மாதம் கூட்டத்துப் பக்கமே வரவில்லை.

உண்மை என்னன்னா, யாரும் ஏமாற்றவும் இல்லை, அந்தப் பொண்ணு தப்பா வரையவும் இல்லை. செல்போன் கலர் வேற, மை கலர் வேற. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்து பாருங்க. செல்போனில் வெள்ளையாக ஒரு பக்கத்தைத் திறந்து, மேலே ஒரு சின்ன சொட்டுத் தண்ணி விடுங்க. அந்தச் சொட்டு பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்யும். வெள்ளைக்குள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக் குட்டிப் புள்ளி தெரியும். மூன்று வெளிச்சம் சேர்ந்து வெள்ளை ஆகுது. வெளிச்சம் சேரச் சேர பளிச்சென்று ஆகும். இதை கம்ப்யூட்டர்காரர்கள் ஆர்ஜிபி என்பார்கள்.

மை அதற்கு நேர் எதிர். கோலப்பொடி கலக்கிறோமே, அது மாதிரி. நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை, இன்னும் இன்னும் கலந்தால் அழுக்குக் கலர். கலக்கக் கலக்க மங்கும், ஏன்னா மை வெளிச்சம் தருவதில்லை, பேப்பர் மேல விழுகிற வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்குகிறது. அச்சகத்தில் நாலு மைதான்: சயான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற ரோஸ், மஞ்சள், கறுப்பு. இதுதான் சிஎம்ஒய்கே. முதல் மூன்றையும் கலந்தாலே கறுப்பு வரவேண்டும், ஆனால் சேற்றுக் கலர்தான் வரும். அதனால்தான் தனியாகக் கறுப்பு. தினசரிப் பேப்பர் ஓரத்திலும், பிஸ்கட் பாக்கெட் மடிப்பிலும் நாலு கலரில் சின்ன வட்டமோ கட்டமோ இருக்கும், பாருங்க. நம்ம பிள்ளைங்க அதை டிசைன் என்று நினைக்குதுங்க. நாலு மையும் சரியாக விழுந்ததா என்று அச்சகத்தார் பார்க்கிற அடையாளம் அது.

ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட். இது புதுசு இல்லை. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்து சாமி படங்கள் போட்டபோது ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடித்தார்கள். நம்ம சிவகாசியும் அப்படி வளர்ந்த ஊர்தான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்றுதான் அங்கே அச்சுத் தொழிலும் வளர்ந்தது. இன்றைக்கு ஊரெல்லாம் தொங்குற காலண்டருக்கு மூலமே ஒரு சின்ன லேபிள்!

சரி, விஷயத்துக்கு வரேன். செல் காட்டுற எல்லாக் கலரையும் இந்த நாலு மையால் கொண்டுவர முடியாது. கிளிப்பச்சை, பளிச் ஆரஞ்சு, மின்னுகிற நீலம் மூன்றும் முக்கியமாக அடிபடும். இதை முதலிலேயே மனசில் வைத்து வரைய வேண்டும். வரைந்த ஃபைல் ஆர்ஜிபியில் இருந்தால், அச்சடிக்கும் முன் யாராவது சிஎம்ஒய்கே-க்கு மாற்றித்தான் ஆகணும். நாம சொல்லாவிட்டால் மெஷினே தனக்குத் தோன்றினபடி மாற்றும். வேர்டில் அடித்த ஃபைலில் இந்த வசதியே இல்லை. போட்டோஷாப், கோரல் டிராவில் இருக்கு. அதனால் டிடிபி ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "சிஎம்ஒய்கே-க்கு மாத்திக் காட்டுங்க அண்ணா" என்று கேளுங்க. மாற்றினதும் கலர் மங்குறது அங்கேயே கண்ணுக்குத் தெரியும். உடனே சரி பண்ணலாம். நீலம் கத்திரிப்பூவாகப் போனால் ரோஸ் மையைக் குறைக்கச் சொல்லணும். சயான் 100 இருந்தால் மெஜந்தா 70-க்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. குங்குமச் சிவப்பு வேண்டுமா, மெஜந்தா 100, மஞ்சள் 100. இந்த நம்பரை மினிட் நோட்டில் எழுதி வைங்க. மறுமுறை வேற அச்சகம் போனாலும் அதையே சொல்லலாம்.

கறுப்பு எழுத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க. ஆர்ஜிபி கறுப்பை அப்படியே மாற்றினால் நாலு மையும் கலந்த கறுப்பாகிவிடும். விலை, தேதி, எடை எல்லாம் பொடி எழுத்து. ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு ரோஸ் நிழல் விழும், படிக்க முடியாது. எழுத்துக்குக் கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று கட்டாயம் சொல்லுங்க.

உணவுப் பொருள் போடுகிறவர்கள் சைவக் குறியை மறக்கக் கூடாது. பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம். தேனுக்கும் அதுதான், விதிப்படி தேன் அசைவத்தில் சேராது. முன்பெல்லாம் அசைவத்துக்கும் வட்டமே, நிறம் மட்டும் காவி பிரவுன். 2020 விதிமுறையில்தான் அசைவத்துக்கு முக்கோணம் என்று மாற்றினார்கள். அப்படி இருந்தாலும் நம்ம பச்சை பிரவுனாகத் தெரிந்தால் வாங்குகிறவர் கையை எடுத்துக்கொள்வார். சயான் 75, மஞ்சள் 100, மெஜந்தா 5-க்குள் என்று வைத்தால் நல்ல இலைப்பச்சை வரும்.

பேப்பரும் கலரை மாற்றும். வழவழ ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். மேப்லித்தோவில் உறிஞ்சிக்கொள்ளும், கலர் இறங்கும். அதனால் எந்தப் பேப்பரில் அடிக்கப் போறாங்களோ அதே மாதிரிப் பேப்பரில் ஒரு புரூஃப் கேளுங்க. டியூப் லைட் அடியில் பார்க்காதீங்க. வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் நாலு பேர் பார்த்து, கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒன்று அவங்ககிட்ட, ஒன்று நம்மகிட்ட. இதற்குக் கொஞ்சம் பணம் கேட்பார்கள், கொடுக்கலாம். 2,000 லேபிளைத் திரும்ப அடிக்கிற செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், டாக்குமென்ட்டாக அனுப்புங்க.

இன்னொன்றையும் சொல்லிடறேன். எல்லாருக்கும் நாலு கலர் தேவையில்லை. பிளேட் செலவு 500 லேபிளுக்கும் 5,000 லேபிளுக்கும் ஒன்றுதான். 200 பாக்கெட் போட்டு வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்கிற குழு, ஒரே கலரில் ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டால் போதும். பழுப்புக் கவரில் கறுப்பு எழுத்து சாமைக்கு ரொம்ப நல்லாவே இருக்கும், என் கண்ணுக்கு அதுதான் அழகு. அப்புறம், அச்சான பாக்கெட்டை வெயிலில் வைக்காதீங்க. சலூன் கடை வாசலில் பழைய சினிமாப் படம் நீலமாகக் கிடக்கும், பார்த்திருப்பீங்க. மஞ்சளும் ரோஸும் வெயிலில் முதலில் போயிடும்.

அந்தத் தேன் குழு மீதி லேபிளைத் தூக்கிப் போடவில்லை, தீரும்வரை ஒட்டினார்கள். அடுத்த லேபிளுக்கு அந்தப் பொண்ணையே ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கேன்.

புதுசா லேபிள் அடிக்கப்போகிற குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஃபைலையும், பழைய லேபிள் இருந்தால் அதில் ஒன்றையும் கொண்டு வாங்க. மூன்று மணிக்கு முன்னாடியே வந்துடுங்க, வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துடலாம்.