விதியா, விரிசலா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று வாகனங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசலாமென்று வந்திருக்கிறோம். நாம் இஞ்சினீயர் அல்ல. காலேஜ் படி ஏறியவரும் அல்ல. கையில் கிடைத்ததைப் படித்தும், விளங்காததை விளங்கியவர்களிடம் கேட்டும் தெரிந்து கொண்டதைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறோம். ஆகவே நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு, மற்றதைத் தள்ளி விடுங்கள்.

இந்த ஊருக்கு நாம் பஸ்ஸில் வந்தோம். வழியில் ஒரு லாரி பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ஆயுசு முடிஞ்சா யார் என்ன செய்ய முடியும்? எல்லாம் விதிங்க" என்றார். "அய்யா, அந்த லாரிக்குப் பிரேக் இருந்ததா, டயர் தேய்ந்திருந்ததா, டிரைவர் எத்தனை ராத்திரி தூங்காதவர் என்று யாராவது விசாரித்தார்களா?" என்று கேட்டோம். "விசாரிச்சு என்னங்க ஆவப் போவுது? போன உயிர் திரும்பவா போவுது?" என்றார்.

போன உயிர் திரும்பாது, வாஸ்தவம். ஆனால் இனிமேல் போகப் போகிற உயிர் நிற்குமா, நிற்காதா என்பதுதான் நமது கேள்வி. ரயிலையும் நீராவிக் கப்பலையும் ஆகாய விமானத்தையும் செய்து உலகமெங்கும் ஓட்டிய பிரிட்டிஷ் நாட்டிலும் இந்த "விதி" என்கிற வார்த்தை வேறு பெயரில் இருந்தது. அதை நம்பிய இடத்தில் என்ன நடந்தது, அதைத் தள்ளிவிட்டு விசாரித்த இடத்தில் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில்

ஸ்காட்லாந்தில் டே என்கிற ஆறு கடலோடு கலக்கிற இடத்தில், டண்டீ பட்டணத்துக்குப் போக ஒரு ரயில் பாலம் கட்டினார்கள். ஏறக்குறைய இரண்டு மைல் நீளம். 1878-ம் வருஷம் ஜூன் மாதம் திறக்கப்பட்டது. கட்டிய இஞ்சினீயர் தாமஸ் பௌச் என்பவர். அடுத்த வருஷம் விக்டோரியா ராணியே அதன்மேல் ரயிலில் போனார். பௌச்சுக்கு "சர்" பட்டமும் கிடைத்தது.

1879-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி இரவு பெரும் புயல் அடித்தது. ஏழேகால் மணி சுமாருக்கு ஒரு ரயில் பாலத்தின்மேல் போய்க் கொண்டிருக்கையில், நடுவில் உயரமாய் அமைந்திருந்த 13 கண்களும் அப்படியே சாய்ந்து ரயிலோடு ஆற்றில் விழுந்தன. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. செத்தவர்கள் சுமார் 75 பேர் என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கேட்க வேண்டுமா? "கர்த்தருடைய ஓய்வு நாளில் ரயில் விட்டார்கள், அதில் ஏறினார்கள், கடவுள் தண்டித்து விட்டார்" என்று அந்நாட்டுப் பக்தர்கள் சொல்லத் தொடங்கி விட்டார்கள். தோழர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த ரயிலில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ரயில் விடத் தீர்மானித்த கம்பெனி டைரக்டர்களோ அந்நேரம் ஆற்றில் இல்லை. தண்டனை கொடுக்கிற கடவுளுக்குக் குற்றவாளியின் விலாசம் தெரியாமல் போகுமா?

நல்ல வேளையாக, அந்நாட்டு அரசாங்கம் பாதிரியாரைக் கேட்டு விஷயத்தை முடித்துவிடவில்லை. விசாரணைக் கோர்ட்டு ஒன்று ஏற்படுத்தி, சாட்சிகளைக் கூப்பிட்டது. பாலத்துக்கு வர்ணம் அடித்த கூலிக்காரர்கள் வந்து, ரயில் போகும்போதெல்லாம் பாலம் ஆடியது என்றார்கள். வார்ப்படச் சாலையில் வேலை செய்தவர்கள் வந்து, இரும்புத் தூண்களில் விழுந்த ஓட்டைகளை மெழுகும் குங்கிலியமும் இரும்புத் தூளும் சேர்த்துப் பிசைந்து அடைத்து மறைத்த கதையைச் சொன்னார்கள். தூண்களை இழுத்துக் கட்டிய கம்பிகள் தளர்ந்து கடகடத்தபோது, பாலத்தைக் காவல் பார்த்தவர் இடுக்கில் இரும்புத் துண்டைச் சொருகிச் சத்தத்தை நிறுத்தினாரே ஒழிய, தளர்ந்தது ஏன் என்று கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று பக்கவாட்டில் எவ்வளவு அழுத்தும் என்பதற்குப் பௌச் தனியாய்க் கணக்கே போடவில்லை.

ஆகவே பாலத்தின் திட்டமும் மோசம், கட்டின வேலையும் மோசம், பராமரிப்பும் மோசம் என்று 1880-ல் தீர்ப்பாயிற்று. காற்றுக்கு இவ்வளவு கணக்குப் போட்டுத்தான் பாலம் கட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். தலையில் எழுதிய விதியல்ல, காகிதத்தில் எழுதிய விதி! 1887-ல் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தார்கள். அது இன்றைக்கும் நிற்கிறது. அதன்மேல் ஞாயிற்றுக்கிழமையிலும் ரயில் போகிறது. பழைய பாலத்தின் தூண்கள் இருந்த அடித்தளங்கள் இன்றும் ஆற்றில் வரிசையாய்த் தெரிகின்றன. கடவுளுக்கு ஞாயிற்றுக்கிழமைமேல் இருந்த கோபம் இருபத்தொரு நாள் வட்டிக்கடன் மாதிரித் தீர்ந்து போயிற்றா? அல்லது பாலம் சரியாய்க் கட்டப்பட்டதா?

இன்னொரு வேடிக்கை. ஆற்றில் மூழ்கிய 224-ம் நெம்பர் இஞ்சினை மேலே எடுத்துப் பழுது பார்த்து மறுபடியும் ஓட்டினார்கள். ஜனங்கள் அதற்கு "முக்குளிப்பான்" என்று பெயர் வைத்தார்கள். சாபம் பிடித்த அந்த இஞ்சின் 1919 வரையில், அதாவது கவிழ்ந்த பிறகு 39 வருஷம், உழைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. சாபம் இஞ்சினில் இருக்கவில்லை. தூணில் இருந்த ஓட்டையில் இருந்தது.

விதியால் யாருக்கு லாபம்?

இனிக் கப்பலுக்கு வருவோம். அதே காலத்தில் பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகள் சிலர், உளுத்துப் போன கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி, தாராளமாய் இன்ஷூரன்சும் செய்து கடலுக்கு அனுப்பினார்கள். கப்பல் போய்ச் சேர்ந்தால் கூலி. மூழ்கினால் இன்ஷூரன்ஸ் பணம். எது நடந்தாலும் முதலாளிக்கு நஷ்டமில்லை. மாலுமியின் பெண்டாட்டிக்கு மட்டும் தாலி போயிற்று. ஜனங்கள் அவற்றுக்குச் "சவப்பெட்டிக் கப்பல்" என்று பெயரிட்டார்கள். ஒப்பந்தம் செய்து கொண்ட மாலுமி, "இது ஓட்டைக் கப்பல், ஏற மாட்டேன்" என்றால் ஜெயிலில் போட்டார்கள்.

மூழ்கிய பிறகு என்ன சொல்லுவார்கள்? "கடலின் கோபம், கடவுள் செயல்" என்பார்கள். பார்த்தீர்களா? விதி என்பது ஏழைக்கு ஆறுதல் என்கிறார்களே, அது முதலாளிக்கு ரசீது அல்லவா?

சாமுவேல் பிளிம்சால் என்கிற பார்லிமெண்டு மெம்பர் இதை எதிர்த்துப் புத்தகம் எழுதினார். ஊர் ஊராய்ப் பேசினார். 1875-ல் மசோதாவைத் தள்ளிப்போட்டபோது, பார்லிமெண்டுக்குள்ளேயே கூச்சல் போட்டுக் கப்பல்காரர்களை அயோக்கியர்கள் என்றார். அடுத்த வருஷமே, கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும், அதற்குமேல் தண்ணீர் ஏறும்படி சரக்கு ஏற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதை முதலாளியின் இஷ்டத்துக்கே விட்டிருந்தார்கள்! அந்த ஓட்டையையும் அடைத்து, இடத்தைச் சட்டமே குறிக்க 1890 வரை ஆயிற்று. இன்று உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் சரக்குக் கப்பலின் பக்கத்தில் அந்தக் கோட்டைக் காணலாம். மந்திரமும் தந்திரமும் காக்காத மாலுமியை ஒரு சாண் வர்ணக்கோடு காத்தது.

ஊகமும் விதியின் தம்பியே

கடைசியாக ஆகாய விமானம். இதில் நமக்கே, அதாவது பகுத்தறிவு என்று பேசுகிறவர்களுக்கே, ஒரு பாடம் இருக்கிறது. ஆதலால் கவனமாய்க் கேளுங்கள்.

1952-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி, காமெட் என்கிற பிரிட்டிஷ் விமானம் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பிரயாணிகளை ஏற்றிக் கொண்டு புறப்பட்டது. ஜெட் இஞ்சினில் பிரயாணிகளை ஏற்றி முறையாய்ப் போக்குவரத்து நடத்தியது உலகத்திலேயே அதுதான் முதல். புயலுக்கும் மேகத்துக்கும் மேலே 35,000 அடிக்கும் அதிக உயரத்தில் பறந்தது. அங்கே மனிதன் மூச்சுவிடக் காற்றுப் போதாது. ஆகவே உள்ளே காற்றை அடைத்து வைக்க வேண்டும்.

சரியாய் ஒரு வருஷம் கழித்து, 1953 மே 2-ந் தேதி, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய காமெட் ஒன்று புயலில் சிதறி 43 பேர் இறந்தார்கள். பழி புயலோடு போயிற்று. 1954 ஜனவரி 10-ந் தேதி, ரோமிலிருந்து கிளம்பிய ஒன்று எல்பா தீவுக்குப் பக்கத்தில் நல்ல பகலில் சிதறிக் கடலில் விழுந்தது. 35 பேர் மாண்டார்கள்.

விமானங்களை நிறுத்தினார்கள். யோசித்தார்கள். "தீப் பிடித்திருக்கலாம், இஞ்சின் உடைந்திருக்கலாம்" என்று தோன்றியதற்கெல்லாம் மாறுதல் செய்தார்கள். சுமார் 60 மாறுதல். உண்மைக் காரணம் தெரியவில்லை. ஆனால் தோன்றியதையெல்லாம் செய்தாயிற்றே என்று மார்ச்சு 23-ந் தேதி மறுபடியும் பறக்க விட்டார்கள். பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 8-ந் தேதி, நேப்பிள்சுக்குப் பக்கத்தில் இன்னொரு காமெட் விழுந்து 21 பேர் இறந்தார்கள்.

தோழர்களே, இதைச் செய்தவர்கள் பூசாரிகள் அல்ல, கெட்டிக்கார இஞ்சினீயர்கள். ஆயினும் தெரியாததைத் தெரிந்ததாக வைத்துக் கொண்டார்கள். காரணம் தெரியாமல் "இதுவாகத்தான் இருக்கும்" என்று நினைத்துக் கொள்ளுவதற்கும், "விதி" என்பதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. இரண்டும் கேள்வியைப் பாதியில் நிறுத்தி விடுகின்றன.

இந்தத் தடவை நிறுத்தவில்லை. ஃபார்ன்பரோ என்கிற இடத்தில் ஆர்னால்டு ஹால் என்பவர் தலைமையில் ஆராய்ச்சி நடந்தது. கடற்படைக்காரர்கள் எல்பாவின் கடலடியில் துழாவித் துண்டு துண்டாய் எடுத்து வந்த விமானத்தை, எலும்புக்கூட்டைக் கட்டுவது போல் மரச்சட்டத்தில் பொருத்தினார்கள். இத்தாலி வைத்தியர் பிரேதங்களைச் சோதித்து, நுரையீரல் கிழிந்திருக்கிறது, உள்ளிருந்த காற்று ஒரே கணத்தில் வெளியேறியிருக்கிறது என்றார்.

பிறகு பறந்து பழகிய ஒரு காமெட் விமானத்தையே பெரிய தொட்டியில் வைத்து, உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் நிரப்பினார்கள். விமானம் ஏறி இறங்கும்போது உடம்பு உப்பிச் சுருங்குகிறதல்லவா, அதைப்போல் உள்ளே தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். ஏன் தண்ணீர்? காற்றாயிருந்தால் உடையும்போது வெடிகுண்டு மாதிரி வெடித்துத் தடயம் போய்விடும். இரவும் பகலும் நடத்தினார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057 தடவை ஆனபோது, ஒரு திறப்பின் மூலையிலிருந்து தகடு கிழிந்தது!

கட்டுக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக் கொண்டே இருந்தால் முறிகிறதே, அதுதான் இது. உலோகம் களைத்துப் போகிறது. மூலையில் பாரம் வந்து குவிகிறது. அங்கே ஆணித்துளை ஓரத்தில் மயிரிழை விரிசல் உண்டாகி வளருகிறது. எல்பா விமானம் 1,290 தடவை பறந்திருந்தது. நேப்பிள்ஸ் விமானம் 900 தடவை. எல்பா விமானத்தின் கூரையில் ரேடியோவுக்காக விட்டிருந்த திறப்பின் மூலையிலும் அதே கிழிசலைக் கண்டார்கள்.

அப்படியானால் விற்பதற்கு முன் சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தார்கள், 16,000 தடவை தாங்கியது. ஆனால் சோதித்த அந்தத் துண்டை முன்னதாகவே இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அதனாலேயே அதன் மூலைகள் களைப்பைத் தாங்கும்படி இறுகிப் போயிருந்தன. சோதனையும் பொய் சொல்லும்; ஆகவே சோதனையையும் சோதிக்க வேண்டும்.

அவர்கள் இதை மூடி மறைக்கவில்லை. பகிரங்க விசாரணை நடத்தி, 1955-ல் அறிக்கை வெளியிட்டார்கள். போட்டிக்காரர்களான அமெரிக்கக் கம்பெனிகளும் அதைப் படித்துப் பயனடைந்தன. திருத்திய காமெட் 1958 அக்டோபர் 4-ந் தேதி அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிப் போக்குவரத்துத் தொடங்கியது. வியாபாரம் என்னவோ அமெரிக்கர் கைக்குத்தான் போயிற்று. ஆனால் இன்று எந்த நாட்டு விமானத்தில் ஏறுகிறவனும், அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குக் கடன்பட்டவனே.

முடிவாக

வெள்ளைக்காரனுக்கு மூளை வேறு என்று நாம் சொல்லவில்லை. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைக் கடவுள் இருந்தார். மெழுகு வைத்து ஓட்டையடைத்தவர் இருந்தார். சவப்பெட்டியில் லாபம் கண்டவர் இருந்தார். ஊகத்தில் விமானம் விட்டவரும் இருந்தார். கேட்கிறவன் இருந்தபோது உயிர் பிழைத்தது, கேட்காதபோது போயிற்று. அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே, நாளைக்கு ஒரு வண்டி கவிழ்ந்தால் "விதி" என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். "பிரேக்கைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பஸ் முதலாளி முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தால், "வையுங்கள், டயர் எப்போது மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இறங்கி விடுங்கள். அந்தப் பெரியவரிடம் சொல்ல நமக்கு நேரமில்லாமல் அவர் ஊர் வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல நினைத்ததை உங்களுக்குச் சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.